சாப்பிட்டதும் பிரஷர் இறங்கினால் மெஷினைக் குறை சொல்லலாமா?

கேள்வி இது: அப்பாவுக்கு 74 வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை, கூடவே பிரஷர் மாத்திரை. வீட்டு மெஷினில் காலை 7 மணிக்கு 148/82 காட்டுகிறது. மதியம் சாப்பிட்டு முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 114/62. மெஷின் பழுதா? சாப்பிட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார், ஆனால் "கேஸ்தான், வேறொன்றுமில்லை" என்று முடித்துக்கொள்கிறார். செரிமானத்துக்கும் பிரஷருக்கும் சம்பந்தம் உண்டா? நாடி, பிரஷர் எல்லாம் வீட்டில் எப்படிச் சரியாகப் பார்ப்பது?

சரி, முதலில் மெஷினைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். இரண்டு எண்களுமே உண்மையாக இருக்க வாய்ப்பு உண்டு. முப்பது வருடம் வார்டில் செவிலியராக இருந்தவள் நான், கடைசியில் சில வருடம் மாணவிகளுக்குப் பாடமும் எடுத்தேன். நாடி, பிரஷர் பார்ப்பது ஒரு வகுப்பு, செரிமான மண்டலம் வேறொரு வகுப்பு. பரீட்சையிலும் தனித்தனிக் கேள்வி. உங்கள் அப்பாவின் பிரச்சினையோ அந்த இரண்டு பாடமும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கிற இடத்தில் இருக்கிறது.

இதயம் ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை இரைப்பை, குடல், கல்லீரல், மண்ணீரல் பக்கம் போகிறது. சாப்பாடு உள்ளே இறங்கிய பிறகு குடலுக்குப் போகும் முக்கியத் தமனியில் ஓட்டம் இரண்டு மடங்கு வரை ஏறலாம். வயிற்றுப் பக்கம் அவ்வளவு இரத்தம் ஒதுங்கும்போது மற்ற இடங்களில் அழுத்தம் விழாமல் இருக்க வேண்டுமானால், இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும், கை கால்களில் இருக்கிற இரத்தக் குழாய்கள் கொஞ்சம் இறுக வேண்டும். இந்தக் கட்டளை தானாக இயங்கும் நரம்புகள் வழியே போகிறது. இளம் வயதில் இது நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும். வயதானவர்களுக்கும், நெடுநாள் சர்க்கரை இருப்பவர்களுக்கும், பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கும் அந்த நரம்புகள் தளர்ந்திருக்கும். கட்டளை தாமதமாகப் போகும், அல்லது அரைகுறையாகப் போகும். விளைவு, சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள் பிரஷரின் மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் சரிகிறது. உணவுக்குப் பின் வரும் அழுத்தச் சரிவு என்று மருத்துவத்தில் இதற்குத் தனிப் பெயரே இருக்கிறது. பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் அது அடிமட்டத்தைத் தொடும். நீங்கள் பார்த்த முக்கால் மணி நேரம் சரியாக அங்கேதான் விழுகிறது.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். அது வேறு, இது வேறு. மூளைக்குப் போகிற இரத்தமெல்லாம் வயிற்றுக்குப் போய்விடுவதால்தான் தூக்கம் வருகிறது என்று பலர் சொல்வது, ஆரோக்கியமானவர்கள் விஷயத்தில் சரியல்ல. அவர்களுக்கு மூளையின் பங்கு குறைவதில்லை. கண் செருகுவது உண்ட மயக்கம். எழுந்து நிற்கும்போது கண் இருட்டி, சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தால் அது பிரஷர் விஷயம். உங்கள் அப்பா சொல்வது இரண்டாவது.

ஆனாலும் காலை எண்ணையும் மதிய எண்ணையும் ஒப்பிட்டு முடிவுக்கு வந்துவிட முடியாது. நடுவில் அவர் மாத்திரை போட்டிருப்பார். 34 புள்ளி இறக்கத்தில் மாத்திரையின் பங்கு எவ்வளவு, சோற்றின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க, சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு அளவு வேண்டும். அதை எப்படி எடுப்பது என்று சொல்வதற்கு முன், அவர் சாப்பிட்ட சோற்றின் கூடவே கொஞ்ச தூரம் போய்ப் பார்த்துவிடலாம். எந்தச் சாப்பாடு பிரஷரை அதிகம் இறக்கும் என்பது அந்தப் பாதையில்தான் தெரியும்.

வாயிலேயே வேலை ஆரம்பித்துவிடுகிறது. வெறும் சோற்றை ஒரு கவளம் எடுத்து நிறைய நேரம் மென்றால் மெல்ல இனிக்கும், உமிழ்நீர் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதன் ருசி அது. ஒரு நாளைக்கு ஒன்று, ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. விழுங்கியதும் சுமார் 25 செ.மீ. நீள உணவுக்குழாய் அதைப் பிசைந்து சில நொடிகளில் இரைப்பையில் சேர்த்துவிடும். இது வெறும் புவியீர்ப்பு இல்லை, படுத்துக்கொண்டு விழுங்கினாலும் இறங்கும். உணவுக்குழாயின் அடியில் இருக்கும் தசை வளையம் ஒழுங்காக மூடாவிட்டால் அமிலம் மேலே ஏறும், அதுதான் நெஞ்செரிச்சல்.

இரைப்பையில் இருப்பது எலுமிச்சைச் சாற்றைவிடக் கடுமையான அமிலம். கிருமிகளைக் கொல்லும், புரதத்தை உடைக்கும் நொதியைத் தட்டியெழுப்பும். இந்தப் பையின் உள்ளே நேராக எட்டிப் பார்த்த கதை ஒன்று உண்டு. 1822இல் அமெரிக்காவின் மாக்கினா தீவில், விலங்குகளின் ரோமத்தோல் வியாபாரத்தில் கூலி வேலை பார்த்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞருக்கு மிக அருகிலிருந்து துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் இரைப்பைக்குள் போகும் ஓட்டை மூடவே இல்லை. சிகிச்சை செய்த இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட், உணவுத் துண்டுகளைப் பட்டு நூலில் கட்டி அந்த ஓட்டை வழியாக உள்ளே விட்டு, வெளியே எடுத்து, எது எவ்வளவு நேரத்தில் கரைகிறது என்று பார்த்தார். தெர்மாமீட்டரையும் உள்ளே விட்டார், சுமார் 100 டிகிரி பாரன்ஹீட் காட்டியது. செயின்ட் மார்ட்டினுக்குக் கோபம் வந்த நாட்களில் செரிமானம் கெட்டதையும் குறித்து வைத்தார். எல்லாவற்றையும் சேர்த்து 1833இல் புத்தகமாகப் போட்டார். கோபப்பட அந்த மனிதருக்கு எல்லா நியாயமும் இருந்தது என்பது என் கருத்து.

நமக்கு முக்கியமானது இரைப்பையின் வாசற்கதவு. அரைத்த கூழை அது மொத்தமாகத் திறந்துவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்குள் விடும். ரசம், மோர், பாயசம் போன்றவை சீக்கிரம் கடந்துவிடும். சோறும் கூட்டும் காலியாக இரண்டு முதல் நான்கு மணி நேரம் ஆகலாம். எண்ணெய் சேர்ந்தால் இன்னும் தாமதம், ஏனென்றால் சிறுகுடலின் முதல் பகுதியில் கொழுப்பு தட்டுப்பட்டதும் "மெதுவாக விடு" என்று ஒரு ஹார்மோன் இரைப்பைக்குச் செய்தி சொல்லும். ராத்திரி சாப்பிட்ட பரோட்டா காலைவரை நெஞ்சிலேயே நிற்பது போல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரஷர் இறங்குவது பெரும்பாலும் இந்த வேகத்தைப் பொறுத்தது. மாவுச்சத்தும் சர்க்கரையும் எவ்வளவு வேகமாகச் சிறுகுடலைத் தொடுகின்றனவோ, அவ்வளவு வேகமாக இரத்தம் அங்கே திரும்பும். அதனால் வயிறு முட்டச் சோறு, மேலே ஒரு டம்ளர் பாயசம் என்ற கல்யாணச் சாப்பாடு இவர்களுக்கு மோசமானது. பந்தியிலிருந்து எழுந்து கை கழுவப் போகும் பெரியவர்கள் தொட்டிக்குப் பக்கத்தில் சரிந்து விழுந்ததை ஒன்றுக்கு மேற்பட்ட முறை பார்த்திருக்கிறேன். சுற்றி நிற்பவர்கள் உடனே சோடா வாங்க ஓடுவார்கள். செய்ய வேண்டியது, படுக்கவைத்துக் காலைச் சற்றுத் தூக்கி வைப்பது.

சிறுகுடல் ஆறு மீட்டர் அளவு நீளம். கணையத்திலிருந்து வரும் நீர் மாவு, புரதம், கொழுப்பு மூன்றையும் உடைக்கும். கல்லீரல் சுரந்து பித்தப்பையில் சேர்ந்திருக்கும் பித்தநீர், சோப்பு எண்ணெய்ப் பிசுக்கைப் பிரிப்பது போலக் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கும். உள்சுவரில் இருக்கும் மெல்லிய குடலுறிஞ்சிகள் சத்தை உறிஞ்சுகின்றன. உறிஞ்சிய சர்க்கரையும் புரதக் கூறுகளும் நேராக இதயத்துக்குப் போவதில்லை, முதலில் கல்லீரலுக்குப் போய்க் கணக்குக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். கடைசியில் ஒன்றரை மீட்டர் பெருங்குடல். அதன் வேலை தண்ணீரையும் உப்பையும் மிச்சம் பிடிப்பது. தண்ணீர்க் கணக்குக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது அளப்பது. பிரஷர் பார்க்க இரண்டு நிமிடம் போதும் என்று நினைக்கிறோம், அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை விட்டுவிடுகிறோம். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகு சாய நாற்காலியில், கால்களைக் குறுக்கே போடாமல் தரையில் ஊன்றி ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். காபி, டீ, பீடி, சிகரெட் அரை மணிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். பட்டையைச் சட்டைக் கை மேல் சுற்றக் கூடாது. பேசக் கூடாது. அளக்கும்போது "கரண்ட் பில் கட்டியாச்சா" என்று கேட்டாலே மேல் அளவு ஏறிவிடும்.

கை இதயத்தின் உயரத்தில், மேசை மேல் இருக்கட்டும். இதில் பலர் கவனம் வைப்பதில்லை. கை 10 செ.மீ. கீழே தொங்கினால் சுமார் 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். மேலே தூக்கினால் அதே அளவு குறையும். இது நீர்த்தொட்டிக் கணக்கு, உடம்போடு சம்பந்தமே இல்லை. மெல்லிய கைக்குப் பெரிய பட்டை போட்டால் குறைவாகவும், பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் கூடுதலாகவும் காட்டும். மெஷினோடு வந்த பட்டையில் எத்தனை செ.மீ. சுற்றளவுக்கு என்று அச்சிட்டிருக்கும், தையற்காரர் டேப்பை எடுத்து அப்பாவின் மேற்கையை ஒருமுறை அளந்து பாருங்கள். முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள், எது அதிகமோ அந்தக் கையிலேயே எப்போதும் பாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்துச் சராசரி எழுதுங்கள். வீட்டு அளவில் சராசரி 135/85க்கு மேல் போனால்தான் அதிகம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், ஆகவே ஒரே ஒரு 148ஐப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மணிக்கட்டில் கட்டும் மெஷின் பயணத்துக்கு வசதி, ஆனால் நான் நம்புவதில்லை.

மெஷின் எதைக் கேட்கிறது என்று தெரிந்திருப்பதும் நல்லது. 1905இல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய மருத்துவர், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்தால் இரத்தம் பாய ஆரம்பிக்கும்போது தட்டும் சத்தம் கேட்கிறது என்று சொன்னார். மருத்துவர்கள் கையால் பம்ப் அடித்துக் கேட்பது அதைத்தான். வீட்டு மெஷின் சத்தத்தைக் கேட்பதில்லை, பட்டையில் உண்டாகும் நடுக்கத்தை உணர்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. நாடி ஒழுங்கில்லாமல் அடித்தால் அந்தக் கணக்கு தடுமாறும். அதனால்தான் மெஷினை அழுத்தும் முன் கையைத் தொட்டுப் பாருங்கள் என்று மாணவிகளிடம் சொல்வேன்.

நாடிக்கு, கட்டைவிரல் பக்க மணிக்கட்டில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போதும். உங்கள் கட்டைவிரலை வைக்காதீர்கள், அதன் துடிப்பையே எண்ணிவிடுவீர்கள். ஒழுங்காக அடித்தால் 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்கலாம், தாளம் தப்பினால் ஒரு முழு நிமிடமும் எண்ணுங்கள். ஓய்வில் 60 முதல் 100 வரை வழக்கம். மூச்சை எண்ணும்போது மட்டும் சொல்லிவிட்டு எண்ணக் கூடாது. சொன்னால் அவர் மூச்சை மாற்றிவிடுவார். நாடி பார்ப்பது போலவே கையைப் பிடித்துக்கொண்டு மார்பு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும், 12 முதல் 20 வரை வரும். கேஸ் ஷீட்டில் எல்லாருக்கும் மூச்சு 20 என்று எழுதியிருந்தால் யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இது பழைய வியாதி. வாயில் காய்ச்சல் பார்ப்பதானால் சூடான காபிக்குப் பிறகு அரை மணி பொறுக்க வேண்டும், 100.4க்கு மேல் காய்ச்சல். ஆக்சிஜன் அளவுக்கு விரல் குளிர்ந்திருக்கக் கூடாது, நகப்பூச்சு இருக்கக் கூடாது. அவ்வளவுதான்.

உங்கள் அப்பாவுக்கு மூன்று நாள் இப்படிச் செய்யுங்கள். மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் உட்காரவைத்து ஓர் அளவு. சாப்பிட்டு முடித்து 30, 60, 90, 120 நிமிடத்தில் அதே நாற்காலி, அதே கை. ஒவ்வொன்றோடும் நாடியையும் எழுதுங்கள், என்ன சாப்பிட்டார், மாத்திரை எத்தனை மணிக்கு என்பதையும் எழுதுங்கள். வேறொரு வேளையில், சாப்பாட்டோடு கலக்காமல், ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளந்துவிட்டு, எழுந்து நின்ற 1ஆவது நிமிடத்திலும் 3ஆவது நிமிடத்திலும் அளங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். அதில் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் நின்றவுடன் வரும் சரிவும் கூடவே இருக்கிறது. கண் இருட்டுகிறது என்று சொல்லும் நேரத்தில் விரலைக் குத்திச் சர்க்கரையும் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் கதையே வேறு, உடனே குளுக்கோஸ் கொடுக்க வேண்டும்.

சரிவுதான் என்று தெரிந்தால் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. சாப்பிடும் முன் ஒன்றரை டம்ளர் தண்ணீர் குடிப்பது பலருக்கு உதவுகிறது. இதய பலவீனத்துக்கோ சிறுநீரகத்துக்கோ தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மட்டும் கேட்காமல் செய்யாதீர்கள். மூன்று பெரிய சாப்பாட்டை ஐந்து சின்னச் சாப்பாடாகப் பிரிக்கலாம். சோற்றைக் குறைத்துப் பருப்பு, முட்டை, காய் கூட்டலாம். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் சாய்ந்து உட்காரட்டும், மாடிப்படி ஏறுவதும் வெந்நீரில் குளிப்பதும் அந்த நேரத்தில் வேண்டாம். மாத்திரையைச் சாப்பாட்டு வேளையிலிருந்து தள்ளிப் போடுவதா, அளவைக் குறைப்பதா என்பதை உங்கள் நோட்டைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தினால் காலையில் 148 இருந்தது 180 ஆகலாம்.

இனி அந்தத் தண்ணீர்க் கணக்கு. நாம் ஒரு நாளைக்குக் குடிப்பதும் உண்பதும் சேர்ந்து சுமார் 2 லிட்டர். உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே உள்ளே ஊற்றுவது சுமார் 7 லிட்டர். ஆக ஒன்பது லிட்டர் குடலுக்குள் வருகிறது. மலத்தில் வெளியேறுவதோ ஒரு டம்ளருக்கும் குறைவு. மீதி எல்லாம் உறிஞ்சித் திரும்ப எடுக்கப்படுகிறது. பேதி என்றால் இந்தத் திரும்ப எடுக்கும் வேலை கெட்டது, அல்லது குடல் அளவுக்கு மீறி நீரை ஊற்றுகிறது என்று பொருள். குடித்தது மட்டும் வீணாகவில்லை, உடம்பு முன்பணமாகக் கொடுத்த 7 லிட்டரும் வாசலில் நிற்கிறது. காலராவில் ஒரு நாளைக்குள் ஆள் போய்விடுவதற்கு இதுதான் காரணம்.

அந்த நேரத்தில் பிரஷரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஏமாந்துவிடுவோம். நீர் குறையத் தொடங்கியதும் முதலில் பேசுவது நாடி. படுத்திருக்கும்போது 80, எழுந்து நின்றால் 115 என்று 30க்கு மேல் எகிறினால் உள்ளே கையிருப்பு நன்றாகவே குறைந்துவிட்டது. இரத்தக் குழாய்கள் இறுகிப் பிரஷரைக் கடைசிவரை பிடித்து வைத்திருக்கும், பிடி விட்டபின் மடமடவென்று சரியும். நாக்கு வறட்சி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, குழந்தையானால் அழுதும் கண்ணீர் இல்லை, கண் குழி விழுந்திருக்கிறது, இவையெல்லாம் பிரஷருக்கு முன்பே வருகிற தகவல்கள். ஒரு விதிவிலக்கு: அட்டெனோலால், மெட்டோப்ரோலால் மாதிரி இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி ஏறாது. உங்கள் அப்பாவின் சீட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

மருந்து, ஓ.ஆர்.எஸ். பொட்டலம். சாதாரணத் தண்ணீரைவிட அது ஏன் வேலை செய்கிறது என்றால், சிறுகுடல் சுவரில் சர்க்கரையும் உப்பும் ஜோடியாகப் போனால் மட்டும் திறக்கும் ஒரு கதவு இருக்கிறது. பேதி எல்லாவற்றையும் கெடுத்தாலும் அந்தக் கதவைப் பெரும்பாலும் கெடுப்பதில்லை. உப்பு உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே போகும். 1971 வங்கதேசப் போரில் மேற்கு வங்கத்தின் பொங்கான் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு, சர்க்கரைக் கரைசலைப் பெரிய பீப்பாய்களில் கலந்து, உறவினர்கள் கையாலேயே வாய்வழி கொடுக்க வைத்தார். 30 சதவீதமாக இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. 2000இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், எளிதில் செரிக்காத மாவுச்சத்தையும் இந்தக் கரைசலில் சேர்த்தால் காலராவில் பேதி இன்னும் குறைகிறது என்று காட்டினார்கள். செரிக்காத மாவு பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு இரையாகிறது. அவை உண்டாக்கும் அமிலங்கள் பெருங்குடலும் உப்பையும் நீரையும் உறிஞ்ச உதவுகின்றன. (சோற்றை ஆறவைத்தாலும் அதில் ஒரு பகுதி இந்த மாதிரி மாவாக மாறும். பழைய சோற்றுக்கு வக்காலத்து வாங்க வேறு காரணம் தேவைப்படுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.)

ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு லிட்டர் தண்ணீரிலேயே கலக்குங்கள். ருசிக்காகச் சர்க்கரை சேர்த்தால், அதிகமான சர்க்கரை தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். கடையில் விற்கும் கலர் ஜூஸிலும் இதே தொல்லை. பொட்டலம் கிடைக்காத ஊரில், ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீருக்கு ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று ஓ.ஆர்.எஸ். கொடுக்காமல் இருக்காதீர்கள், அளந்து பார்த்துக்கொண்டு கொடுங்கள். பேதி நாட்களில் சில சர்க்கரை மாத்திரைகளையும் நீர் பிரியும் மாத்திரைகளையும் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள், முதல் நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இதே கணக்கு இரத்தத்துக்கும் பொருந்தும். மூட்டுவலிக்கு மாதக்கணக்கில் வலி மாத்திரை விழுங்கும் பெரியவருக்கு இரைப்பையில் புண் கசியலாம். வயிற்றில் வலியே இருக்காது. மலம் மட்டும் தார் மாதிரிக் கறுப்பாக, பிசுபிசுப்பாக, தனி நாற்றத்தோடு போகும். அமிலமும் குடலும் இரத்தத்தை மாற்றிய நிறம் அது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் தார்ப் பிசுக்கும் அந்த நாற்றமும் இருக்காது. உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டர் இரத்தத்தில் முக்கால் லிட்டர் வரை போனாலும் எண்களில் பெரிய மாற்றம் தெரியாது. ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது நாடி 100ஐத் தாண்டும், மூச்சு வேகம் கூடும், பிரஷரின் மேல் அளவு அப்போதும் ஏறக்குறைய நிற்கலாம். அதையும் தாண்டினால்தான் அது விழும். நாடி எண்ணைப் பிரஷரின் மேல் எண்ணால் வகுத்துப் பாருங்கள்: 72ஐ 120ஆல் வகுத்தால் 0.6, நிம்மதி. 110ஐ 105ஆல் வகுத்தால் 1ஐத் தாண்டுகிறது. பிரஷர் நூற்றுக்கு மேலேதான் இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாத எண் அது. கறுப்பு மலத்தோடு இப்படி எண் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் யோசித்துக்கொள்ளலாம்.

காய்ச்சலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். உடம்புச் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடியும் சுமார் 10 ஏற வேண்டும். டைபாய்டு கிருமி சிறுகுடலின் கடைசிப் பகுதியில் குடியேறுவது. அதில் சிலருக்குக் காய்ச்சல் 103 இருக்கும், நாடி மட்டும் 84இல் நிதானமாக அடிக்கும். எல்லாருக்கும் இப்படி வராது, ஆனால் நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால்தான் மருத்துவர் கண்ணில் படும்.

கடைசியாக அப்பா சொல்லும் அந்த "கேஸ்". நம் ஊரில் மாரடைப்புக்கு இதைவிடப் பெரிய கூட்டாளி கிடையாது. இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரைப்பை. இரண்டிலிருந்தும் வரும் வலிச் செய்திகள் தண்டுவடத்தில் அக்கம்பக்கத்து வாசல்களில் நுழைவதால் மூளைக்கு எது எங்கிருந்து வருகிறது என்று பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. இதயத்தின் அடிச்சுவரில் அடைப்பு வந்தால் மேல் வயிற்றில் பாரம், குமட்டல், வாந்தி, ஏப்பம் எல்லாம் வரும். ஏப்பம் விட்டுச் சற்று லேசானதால் கேஸ்தான் என்று உறுதி செய்துகொள்வார்கள். சர்க்கரைக்காரர்களுக்கு நரம்பு மரத்திருப்பதால் வலிகூடப் பெரிதாக இருக்காது, வேர்த்து ஊற்றும், சோர்ந்துபோவார், அவ்வளவுதான்.

ஆகவே அப்பா அடுத்த முறை கேஸ் என்றால் ஐந்து நிமிடத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: நாடி, பிரஷர், மூச்சு, உள்ளங்கை. உள்ளங்கை ஜில்லென்று வேர்த்திருக்கிறதா, நாடி 50க்குக் கீழே போயிருக்கிறதா அல்லது தாளம் தப்புகிறதா, மேல் அளவு 100க்குக் கீழா, மூச்சு வாங்குகிறதா, நடந்தால் பாரம் கூடுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். நான்கும் சரியாக இருந்தாலும் அந்தப் பாரம் பதினைந்து இருபது நிமிடத்தில் போகவில்லை என்றால் ஈ.சி.ஜி. எடுத்தே ஆக வேண்டும், ஏனென்றால் மாரடைப்பின் ஆரம்பத்தில் எல்லா எண்ணும் அழகாக இருக்கக்கூடும். சோடா, இஞ்சிச் சாறு, பெருங்காயம் எதுவும் அதற்கு முன் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து நீட்டும், நாக்குக்கு அடியில் வைக்கும் நெஞ்சுவலி மாத்திரையும் வேண்டாம். அடிச்சுவர் மாரடைப்பில் சிலருக்கு அது பிரஷரை ஒரேயடியாகச் சாய்த்துவிடும். முதல் ஈ.சி.ஜி. நார்மல் என்று சொல்லி, இன்னும் சில மணி நேரம் இருந்து திரும்ப எடுத்துவிட்டுப் போங்கள் என்றால், அப்பா என்ன முரண்டு பிடித்தாலும் உட்காரவைத்து எடுத்துவிட்டே வாருங்கள்.